நின்றால் மட்டும்

வடபழனி சிக்னலில் நூற்றெண்பது வினாடி.
நூற்றிருபதில் முள் பாதியைத் தாண்டியது.
சிவப்புக் கோட்டுக்கு விரற்கடை தூரம் இருக்கையில்
பச்சை விழுந்தது.
அசோக் பில்லர் வரை நிற்காமல் விட்டேன்.
ஒன்றும் நடக்காததுபோல்
முள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூற்றெட்டு மாடல் எஸ்டீம்.
நீலம் என்று ஆர்.சி. புத்தகம் மட்டும் சொல்கிறது.

சாலிகிராமத்தில் டப்பிங் வேலை எனக்கு.
கதாநாயகிக்கு அல்ல.
இரண்டாவது நர்ஸ், பஸ்ஸில் கத்துகிறவள்,
பிணத்தருகே முகம் தெரியாமல் அழுகிறவள்.

ஹீட்டரைப் போடு என்றார் சவுண்ட் இன்ஜினியர்,
சூடு கொஞ்சம் உள்ளே வரும், வண்டி பிழைக்கும்.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
கண்ணாடிகளை இறக்கி, திருகைக் கடைசி வரை திருப்பி
ஒரு கிழட்டு இன்ஜினின் காய்ச்சலை
முழங்காலில் வாங்கிக்கொண்டு
கோயம்பேட்டைக் கடந்தேன்.
பக்கத்து ஆட்டோக்காரர் பாட்டிலை நீட்டினார்.
வண்டிக்கென்றுதான் கொடுத்திருப்பார்.
நான் குடித்துவிட்டேன்.

விருகம்பாக்கத்தில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள்.
வளசரவாக்கத்தில் ரேடியேட்டரைக் கழுவி
துருத்தண்ணீரை பாட்டிலில் பிடித்து
ஸ்கேன் ரிப்போர்ட் போலக் காட்டினார்கள்.
மூன்றாமவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
"ஹெட் கேஸ்கட். இருபத்திரண்டாயிரம்.
இல்லேன்னா எடைக்குப் போட்ருங்க."

மூவரிடமும் சொன்னேன்:
ஓடினால் சரியாகிவிடுகிறது, நின்றால் மட்டும்தான்.
மூவரும் தலையாட்டினார்கள்.
அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.
வசனம் கேட்காமல்
உதட்டசைவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுடையது.

புதுப்பேட்டை. கூவம் மணக்கும் சந்து.
எபினேசருக்கு என் வயதில் பாதி, ஒரு காதில் இயர்போன்.
அதே வாக்கியத்தைச் சொன்னேன்.
இயர்போனைக் கழற்றினான்.
"நிக்கசொல்லோ மட்டுமா?"
மட்டும்.
"ஆஃப் பண்ணாத. ஓடட்டும்."

பதினோரு நிமிடம் இருவரும் சும்மா நின்றோம்.
முள் ஏறியது. ஹோஸ் விறைத்தது.
"இன்னா கேக்குது?"
இன்ஜின். பெல்ட் லேசாகக் கீச்சிடுகிறது.
எங்கோ தகரம் தட்டுகிறார்கள்.
"அது இல்லக்கா. இன்னா கேக்கல?"

இருபத்தாறு வருடம்
இருட்டறையில் ஹெட்போன் மாட்டி
அடக்கிய மூச்சுக்கும் விட்ட மூச்சுக்கும்
தனித்தனியே சம்பளம் வாங்கியவள்.
ஃபேன் ஓடவில்லை.
எப்போது நின்றது? போன மழையிலா, பொங்கலுக்கு முன்பா?
ஒரு சத்தம் நிற்கும்போது
சத்தம் வருவதில்லை.

அப்புறம் அவன் என்னிடம் பேசவில்லை.
பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தான், சுற்றியது.
ஃபியூஸ் நல்ல ஃபியூஸ்.
ஹாரன் ரிலேயைப் பிடுங்கி ஃபேனுக்கு மாட்டினான், அசையவில்லை.
தெர்மோ ஸ்விட்சின் சாக்கெட்டைக் கழற்றி
இரண்டு ஓட்டைகளையும் பார்த்தான்,
பிறகு என் தலையை.
"ஹேர்பின் கீதா?"

கொண்டை சரிந்தது.
பின்னின் இரு காலும் உள்ளே போனதும்
எபினேசரின் சட்டை படபடத்தது.
"ஸ்விட்ச் அவுட்டு. முந்நூத்தி நாப்பது ரூபா,
நாளைக்கித்தான் வரும். அதுவரைக்கும் இதுல ஓட்டு."
கறுப்பு டேப் சுற்றி அனுப்பினான்.

மூன்று வாரம் ஆகிறது.
புது ஸ்விட்ச் வாங்கிவிட்டேன்,
டேஷ்போர்டில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.
மாட்டினால் வேண்டும்போது மட்டும் ஓடுமாம்,
மற்ற நேரம் பேசாமல் இருக்குமாம்.

வடபழனி. நூற்றெண்பது வினாடி.
ரேடியோவை அணைத்துவிட்டேன்.
முள்ளைப் பார்க்கவில்லை.
ஒரு கையால் முடியைச் சுருட்டிப் பிடித்தபடி
அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹீட்டர் திருகு
இன்னும் சிவப்பிலேயே நிற்கிறது.